இடது பக்கத்து நெறி

மேடவாக்கத்தில் அந்த ஆஸ்பத்திரியின் நாற்காலி வரிசையில் உட்கார்ந்து சந்திரிகா டீச்சர் பதினோராம் வகுப்பு விலங்கியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அரையாண்டுத் தேர்வுத் தாள், லீவு முடிந்து பள்ளி திறந்து நாலு நாளாகியும் அவள் கையிலேயே கிடந்தது. ஹெச்.எம். இரண்டு தடவை கேட்டுவிட்டார். டோக்கன் பதினெட்டு, இப்போதுதான் ஒன்பதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஆகாது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூடச் சிவப்புப் பேனாவை எடுக்கிற ஜாதி அவள்.

பக்கத்தில் அவள் புருஷன் தினகரன், போனில் யாருக்கோ முக்கால் இஞ்ச் பைப்புக்கும் ஒரு இஞ்ச் பைப்புக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டிப் பிளம்பிங் சாமான் கடை. ஐம்பத்திரண்டு வயது. இடது கழுத்தடியில், காறை எலும்புக்கு மேலே, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அதைக் காட்டத்தான் வந்திருந்தார்கள்.

சந்திரிகா அடுத்த தாளை எடுத்தாள். ஸ்நேகா என்ற பெண்ணுடையது. இருபத்து மூன்றாவது கேள்வி: நிணநீர் முடிச்சுகளின் பணி யாது? இரண்டு மதிப்பெண். அந்தப் பெண் எழுதியிருந்தாள்:

‘கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. நெறி கட்டினா அந்த இடத்துல நோய் இல்ல. வேற எங்கேயோ இருக்குன்னு அர்த்தம்.’

சந்திரிகாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியிருக்கிறாள். வடிகட்டுதல், நிணநீர்ச் செல்கள், நோய்க்கிருமி அழிப்பு என்று போர்டில் எழுதிப் போட்டு, நோட்டில் எழுதவைத்து, இரண்டு தடவை டெஸ்ட்டும் வைத்தாகிவிட்டது. கடைசியில் இது பாட்டி வைத்தியக் கதை மாதிரி புண்ணு, நெறி, தொடை இடுக்கு என்று எழுதி வைத்திருக்கிறது. ‘நெறி’ என்ற சொல்லைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டாள். ஓரத்தில், ‘பேச்சு வழக்கு கூடாது. பாடநூல் சொல்லை எழுதவும்’ என்று எழுதி, கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு முட்டையும் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பினாள்.

அந்த நெறியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் சவரம் செய்யும்போது தினகரன் கையில் அது தட்டுப்பட்டது. “சந்திரி, இங்க நெறி கட்டிக்கினு இருக்குது பாரு” என்றார். அவள் அழுத்திப் பார்த்தாள். வலி இல்லை. நெறி கட்டினால் புண் எங்கே என்று தேட வேண்டும், இது அவர்கள் வீட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தேடினாள். தலைமுடியை வகிர்ந்து கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தாள். காதைப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தபோது இடது கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை தெரிந்தது. ஆள் அகப்பட்டுவிட்டான் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். அவர் குளித்துவிட்டு வந்ததும் தினமும் காலையில் கழுத்தில் பூசுவது ஒரு வேலையாகவே ஆகிப்போனது. அவருடைய பனியன் எல்லாவற்றிலும் இடது ஓரம் மஞ்சளாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து, தாம்பரத்துப் பல் டாக்டர் எட்மண்டிடம் போய் அந்தப் பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பல் போயிற்று. நெறி இருந்த இடத்திலேயே இருந்தது.

நடுவில் மனுஷனுக்குச் சாப்பாடு குறைந்தது. ஐந்து இட்லி மூன்றாகி, மூன்று இரண்டாகியது. “கேஸு ஏறிக்குது” என்று வயிற்றைத் தடவிக்கொண்டு தட்டை நகர்த்துவார். பேன்ட் நிற்கவில்லை என்று கடையிலிருந்து ஆணி எடுத்து பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டார். அப்புறம் இன்னொன்று. “வாக்கிங் போறது வேலை செய்யுதுங்க” என்று சந்திரிகா சிரித்தாள். அவரும் மார்பை நிமிர்த்திக் காட்டினார். போன வாரம் பல் டாக்டர் எட்மண்ட் தன் கிளினிக்குக்குக் குழாய் வாங்கக் கடைக்கு வந்தவர், தினகரன் கழுத்தைப் பார்த்துவிட்டு, “சார், இது இன்னும் இருக்கா? பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு சர்ஜனைப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் இந்த டோக்கன் பதினெட்டு.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. வேடிக்கை என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. இந்த ஐந்து மாதத்தில், பள்ளிக்கூடத்தில் அவள் நிணநீர் மண்டலம் பாடத்தை இரண்டு செக்‌ஷனுக்கும் நடத்தி முடித்திருந்தாள். படம் வரைந்து, பச்சைச் சாக்பீஸில் நிணநீர் நாளங்களை இழுத்து, கழுத்திலும் அக்குளிலும் இடுப்பிலும் முடிச்சுகளைப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தாள். காலையில் நெறிக்குப் பற்று. பத்தரை மணிக்கு நிணநீர் முடிச்சு. இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. ஒன்று வீட்டுச் சொல், இன்னொன்று புத்தகச் சொல். இரண்டும் அவள் தலைக்குள் இத்தனை வருஷம் குடியிருந்தும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை.

பதினெட்டைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த டாக்டர், முப்பத்து மூன்று வயதிருக்கலாம், அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். “டீச்சர், என்னைத் தெரியலையா? கெசியா. மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். உக்காருங்க டீச்சர்.”

சந்திரிகாவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. வெளியே பலகையில் பெயரைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வந்திருந்தாள். தன்னிடம் படித்த பெண் சர்ஜனாக உட்கார்ந்திருக்கிறாள் என்றால் எந்த டீச்சருக்குத்தான் தலை கொஞ்சம் நிமிராது? தினகரனுக்கோ அவளைவிடப் பெருமை. “அப்படி போடு” என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

கெசியா அவருக்குப் பின்னால் வந்து நின்று, தலையைச் சற்றுச் சாய்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு விரலால் அந்த இடத்தை உருட்டிப் பார்த்தாள். விரல் கொஞ்சம் நின்றது. மறுபடியும் உருட்டினாள். வலது பக்கமும் அக்குளும் பார்த்துவிட்டுத் திரும்ப இடது பக்கமே வந்தாள்.

“டீச்சர் பார்த்ததுமே பிடிச்சிருப்பாங்க, இல்ல?” என்றாள் தினகரனிடம். “சார், டீச்சர் இதை நடத்தின விதம் எனக்கு எம்.எஸ். பரீட்சையிலகூட ஞாபகம் வந்துச்சு. ரத்தக் குழாய்லேர்ந்து தினமும் ரெண்டு மூணு லிட்டர் தண்ணி வெளியில கசியுது, அதைத் திரட்டித் திரும்ப ரத்தத்துல சேர்க்கலன்னா உடம்பு வீங்கிப் போயிடும், அந்த வேலையைச் செய்யுறதுதான் நிணநீர் நாளம்பாங்க. இதயம் மாதிரி அதுக்குத் தனியா பம்ப் கிடையாது, நாம நடக்கிற நடையிலயும் விடுற மூச்சிலயும்தான் ஓடுதும்பாங்க. அப்புறம் தாம்பரம்.”

“தாம்பரமா?” என்றார் தினகரன்.

“ஆமா சார். வலது கை, வலது நெஞ்சு, தலையில வலது பாதி, இது மட்டும் தனி ரூட். மிச்சம் ரெண்டு காலு, வயிறு, குடல், இடது கை, எல்லாத்தோட நிணநீரும் இடது காறை எலும்புகிட்ட வந்துதான் ரத்தத்துல ஏறணும். ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து வர்றவங்களும் சரி, மேடவாக்கத்துலேர்ந்து வர்றவங்களும் சரி, தாம்பரம் வந்துதான் ரயிலேறணும் இல்லையா? அது மாதிரி. ‘தாம்பரத்துல ஒரு நாள் திடீர்னு கூட்டம் நெரிஞ்சா ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டாதீங்க. கூட்டம் எந்த ஊர்லேர்ந்து கிளம்பி வந்திருக்குன்னு பாருங்க.’ இதான் டீச்சர் டயலாக்.”

சந்திரிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய மாணவி தன்னைப் போலவே பேசிக்காட்டுகிறாளே என்று சிரிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய வார்த்தைகள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு எழுத்து மாறாமல் சொல்லி வருகிற வார்த்தைகள். அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே கெசியாவின் விரல் தொட்டுக்கொண்டிருந்தது தினகரனின் கழுத்தை. இடது காறை எலும்பு. இரண்டு காலு, வயிறு, குடல். ஐந்து இட்லி இரண்டானது. பெல்ட்டில் ஓட்டை.

தலையில் கொப்புளம் தேடினேனே, பல்லைப் பிடுங்கினேனே, புண் வயிற்றில் இருக்கிறது என்று அவளுக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. மடியிலிருந்த விடைத்தாள் கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அதான் டீச்சர் உடனே கூட்டிட்டு வந்துட்டாங்க” என்று கெசியா தன் நாற்காலிக்குத் திரும்பினாள். “வேற வீடா இருந்தா மஞ்சள், சுண்ணாம்புன்னு எதையாவது பூசி மாசக்கணக்கா வெச்சிருப்பாங்க. எத்தனை நாளா இருக்கு சார்?”

தினகரன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். சட்டைக் காலரை இழுத்து மேலே விட்டார். பனியனின் மஞ்சள் ஓரம் உள்ளே போயிற்று.

“ஒரு பத்து நாளு இருக்கும்மா” என்றார். “பல்லு ஒண்ணு புடுங்குனேன். அதுலேர்ந்துதான்.”

“சாப்பாடு எப்படி? எடை குறைஞ்சிருக்கா?”

“சாப்பாடெல்லாம் ஒரு கட்டு கட்டுவேன். எடையெல்லாம் அப்படியேதான் கீறேன்.”

ஆள் பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு வாஷர் போதும் என்றால் புதுக் குழாயை விற்கத் தெரியாத வியாபாரி. ஆனால் இந்தப் பொய்யை மட்டும் கூசாமல் சொன்னார். கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும், ‘எங்க வூட்ல டீச்சரு’ என்று ஒரு தடவையாவது சொல்லாமல் சில்லறை கொடுக்கமாட்டார். அந்த டீச்சரைத் தெய்வமாக நினைக்கிற பெண்ணுக்கு முன்னால் அவள் தலைகுனிவதை அவரால் பார்க்க முடியாது. அவ்வளவுதான் அவருடைய கணக்கு. அதில் தன் உயிரை அவர் சேர்க்கவே இல்லை.

கெசியாவின் முகம் இளகியது. “பத்து நாள்தான், பல்லும் எடுத்திருக்கீங்க, பசி எடையெல்லாம் நல்லாருக்குன்னா தொற்றாவும் இருக்கலாம். பல்லுக்குத் தாடைக்குக் கீழதான் வழக்கமா கட்டும், இருந்தாலும் முதல்ல ரத்தம் பார்த்துட்டு மாத்திரை எழுதறேன். பொங்கல் முடிஞ்சு வாங்க. அப்பவும் இருந்தா மேல பார்க்கலாம்.”

பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

சந்திரிகா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். இந்தப் பெண் இனிமேல் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று தெரியும். பேசாமல் இருந்துவிட்டு, நாளைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாமே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் வந்தது. அப்போது தினகரன் எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி முன்னால் நகர, சட்டை விலகி பெல்ட் தெரிந்தது. ஆணியால் போட்ட இரண்டு ஓட்டை. ஒன்று கோணலாக இருந்தது.

“கெசியா, எழுதாதே” என்றாள்.

பேனா நின்றது.

“பத்து நாள் இல்ல. அஞ்சு மாசம்.”

“சந்திரி” என்றார் தினகரன்.

“சும்மா இருங்க. கெசியா, இது ஆடி மாசம் வந்தது. பல் எடுத்ததே இதுக்காகத்தான், அதுவும் மூணு மாசமாச்சு. அஞ்சு இட்லி சாப்பிடுறவர் ரெண்டுகூட முடியாம எழுந்துடுறார். பெல்ட்டைப் பாரு.”

கெசியா பெல்ட்டைப் பார்த்தாள். அப்புறம் சந்திரிகாவைப் பார்த்தாள். “டீச்சர், அஞ்சு மாசமா நீங்க இதைப் பார்க்கலையா?”

“பார்த்தேன். தினமும் காலையில பார்த்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசினது நான்தான்.”

“டீச்சர், நீங்க...” என்று கெசியா ஆரம்பித்தாள். அவள் அதிர்ந்துபோனது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. டாக்டர்கள் மறைக்கப் பழகியிருப்பார்கள் என்று பெயர். மூன்றாவது பெஞ்சுக்காரியால் மறைக்க முடியவில்லை.

“எனக்கு அது நெறின்னுதான் தோணிச்சும்மா” என்றாள் சந்திரிகா. “நிணநீர் முடிச்சுன்னு தோணவே இல்லை.”

கெசியா எழுதிய சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டாள். போனை எடுத்து யாரிடமோ பேசினாள். “நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வெறும் வயித்துல வந்துடுங்க சார். வாய் வழியா கேமரா விட்டு வயித்தைப் பார்க்கணும். இந்த நெறியிலேர்ந்தும் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.” அவளும் நெறி என்றுதான் சொன்னாள்.

தினகரன் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். மேடவாக்கம் கூட்டுரோட்டில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்று வழியடைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் ஹார்ன் அடித்தார்கள். அவர் அடிக்கவில்லை.

“இன்னாத்துக்குச் சொன்ன?” என்றார் திரும்பாமலே. “அந்தப் பொண்ணு உன்னை எங்கியோ தூக்கி வெச்சிருந்துது.”

“நீங்க இல்லாம நான் அங்க உக்காந்துகினு என்ன பண்ணப் போறேன்?” என்றாள் சந்திரிகா. அவளுக்கே தெரியாமல் அவர் பேச்சு அவள் வாயில் வந்திருந்தது. அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். முதுகெலும்பு நெற்றியில் உறுத்தியது. இவ்வளவு இளைத்ததை வாக்கிங் என்று சொன்னேனே என்று இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் காலை கேமராவில் பார்த்துவிட்டுக் கெசியா வெளியே வந்து, வயிற்றின் மேல்பகுதியில் ஒரு பெரிய புண் இருக்கிறது என்றாள். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சந்திரிகாவுக்குச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் காதில் தேடிய புண், தலையில் தேடிய புண், பல்லில் தேடிய புண். இரண்டு சாண் கீழே, அவள் போட்ட சோற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

சதை டெஸ்ட் ரிசல்ட் வர ஒன்பது நாளானது. பொங்கல் எப்படி வந்து போயிற்று என்று அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பதினேழாம் தேதி கெசியா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். புற்றுநோய்தான். ஆனால் நிணநீர்ச் செல்களிலேயே ஆரம்பிக்கிற வகை. வயிற்றில் கிளம்பி, கழுத்து நெறி வரை வந்திருக்கிறது. மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படக்கூடியது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை ஊசி மருந்து ஏற்றவேண்டும். “பரவி இருக்கிறதால நான் சத்தியம் பண்ண முடியாது டீச்சர். ஆனா மருந்து வேலை செய்யும்னு நம்பறேன். இன்னும் தள்ளிப் போயிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.”

சந்திரிகா தலையை ஆட்டினாள்.

முதல் ஊசி ஏற்றிய அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தினகரன் சாய்ந்திருந்தார். வலது கையில் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சந்திரிகா பக்கத்து ஸ்டூலில் விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். ஹெச்.எம். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கூட்டல் சரிபார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு தாளில் நின்றுவிட்டாள். நின்றவள் நின்றவள்தான்.

“யாரு பேப்பரு அது?” என்றார் தினகரன்.

“ஸ்நேகான்னு ஒரு பொண்ணு.”

“இன்னா எழுதிக்கீது, அப்படிப் பார்க்குற?”

அவள் படித்தாள். “‘கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. நெறி கட்டினா அந்த இடத்துல நோய் இல்ல. வேற எங்கேயோ இருக்குன்னு அர்த்தம்.’”

தினகரன் தலையைத் திருப்பினார். “கரெக்டாத்தானே எழுதிக்கீது. எவ்ளோ போட்ட?”

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு வட்டமும், ஓரத்தில் எழுதியதும், முட்டையும் அப்படியே இருந்தன.

“இது எப்ப திருத்துனது?”

“கெசியாகிட்ட காட்டப் போனோமே, அன்னைக்கு” என்றாள் சந்திரிகா. “உள்ள கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க.”